ஆசிரியரைத் தம் மேசையில் அமர்த்திய குருவானவர்

உங்கள் பிள்ளை படிக்கும் வகுப்பறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். வாங்குகளில் முப்பது, நாற்பது பிள்ளைகள் வரிசையாக இருக்கிறார்கள். எல்லோரிடமும் ஒரே புத்தகம். ஒரு பிள்ளை எழுந்து வாசிக்க, மற்றப் பிள்ளைகள் தங்கள் புத்தகத்தில் அதே வரியைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். வாசிப்பது தாய்மொழியில். படிப்பிக்கிறவர் அந்தத் தொழிலுக்கென்றே பயிற்றப்பட்டவர். பணம் உள்ளவன் பிள்ளையும் இல்லாதவன் பிள்ளையும் ஒரே வாங்கில். இதில் என்ன புதுமை, பள்ளிக்கூடம் என்றால் இப்படித்தானே என்பீர்கள்.

பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்ஸ் தேசத்தில் இப்படியொரு வகுப்பைக் காண்பது அரிது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆசிரியர் வருவார்; பின்னர் இலத்தீன் கல்லூரி இருந்தது. கைத்தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இருந்தவை கூலி வாங்கிக்கொண்டு எழுத்துப் பழக்கும் கடைப் பள்ளிகளும், பங்குகளில் ஆங்காங்கே நடந்த தருமப் பள்ளிகளுந்தான். அங்கே ஆசிரியர் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தம் மேசைக்கு அழைப்பார். சில நிமிடங்கள் பாடம் கேட்பார், திருப்பி அனுப்புவார். மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை கதைத்துக்கொண்டும் சண்டை பிடித்துக்கொண்டும் அடி வாங்கிக்கொண்டும் இருப்பார்கள். வாசிப்பு இலத்தீனில்தான் தொடங்கும். வீட்டில் பிரெஞ்சு மட்டுமே கேட்டு வளர்ந்த சிறுவன் தனக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழியை எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பான். படிப்பிக்க வந்தவர்களோ பெரும்பாலும் வேறு பிழைப்புக் கிடைக்காதவர்கள். ஊர் அவர்களை மதிக்கவில்லை. அவர்களும் தங்களை மதிக்கவில்லை.

அந்த ஆசிரியர்களை மனிதராக மதிக்கப் பழகி, அதற்காகத் தம் வீட்டையும் பதவியையும் பொருளையும் இழந்த ஒருவரின் வரலாற்றையே இங்கு வாசிக்கப் போகிறீர்கள். அவர் புனித யோன் பப்ரிஸ்ற் டி லா சால். கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற் கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ஆனால் சுரூபத்தில் பிள்ளைகள் நடுவே புன்னகையோடு நிற்கும் அந்தப் புனிதர், பள்ளிக்கூட வேலையை விரும்பித் தேடிப் போனவர் அல்லர் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் 1651 ஏப்ரல் 30 இல் றெய்ம்ஸ் நகரில் பிறந்தார். தந்தை நீதிமன்றத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். பதினொரு பிள்ளைகளில் இவரே மூத்தவர். 1667 இல், பதினாறு வயது நிறைவதற்கு முன்பே, பிரெஞ்சு அரசர்கள் முடிசூடும் றெய்ம்ஸ் பேராலயத்தில் கனோன் பதவி இவருக்குக் கிடைத்தது. மரியாதைக்குரிய பதவி, கை நிறைய வருமானமும் உண்டு. பின்னர் பாரிஸில் சென் சுல்பிஸ் குருமடத்தில் சேர்ந்தார். 1671 இல் தாய் இறந்தார். அடுத்த ஆண்டு தந்தையும் போய்விட்டார். இருபத்தொரு வயது நிறைவதற்கு முன்பே குருமடத்தை விட்டு ஊர் திரும்பி, தம்பி தங்கையருக்குத் தகப்பனாக நின்றார். குடும்பச் சொத்துக் கணக்கையும் பார்த்துக்கொண்டு, படிப்பையும் விடாமல், 1678 இல் குருப்பட்டம் பெற்றார்.

இதுவரை ஒரு பெரிய குடும்பத்துக் குருவானவரின் சீரான வாழ்வு. 1679 இல், ஏழைச் சிறுமியருக்குப் படிப்பித்துவந்த கன்னியர் மடத்தின் வாசலில் ஒரு மனிதரைச் சந்தித்தார். றூவான் நகரிலிருந்து வந்த அட்றியான் நியெல் என்பது அவர் பெயர். றெய்ம்ஸில் ஏழைச் சிறுவருக்குப் பள்ளி தொடங்கும்படி றூவானில் வாழ்ந்த ஒரு செல்வச் சீமாட்டி அவரை அனுப்பியிருந்தார். நியெல் வயதில் மூத்தவர், சுறுசுறுப்பானவர். பள்ளி தொடங்குவதில் அவருக்கு இருந்த ஆசை, தொடங்கியதை நடத்துவதில் இல்லை. இப்படிப்பட்டவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். றெய்ம்ஸில் ஒன்று, பின் இன்னொன்று, பிறகு அயல் ஊர்களில் என்று அவர் ஓடிக்கொண்டிருக்க, சேர்த்துவிட்ட ஆசிரியர்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தார்கள். டி லா சால் தலையிட்டது இந்த ஓட்டையை அடைக்கத்தான். அதுவும் தற்காலிகமாக என்று எண்ணிக்கொண்டு.

முதலில் தம் வீட்டுக்கு அருகே அவர்களுக்கு ஒரு வீடு வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். பின்னர் சாப்பாட்டுக்குத் தம் வீட்டுக்கு அழைத்தார். 1681 ஜூன் 24 இல் அவர்களைத் தம் வீட்டிலேயே குடியேற்றினார். தொடக்கத்தில் இந்த ஆசிரியர்களைத் தம் வேலைக்காரனிலும் தாழ்ந்தவர்களாகவே மதித்ததாக அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். அவர்களோடு ஒரு கூரையின்கீழ் வாழ நேரிடும் என்று முன்னரே தெரிந்திருந்தால் இந்த வேலையில் கையே வைத்திருக்கமாட்டார் என்றும் ஒளிவு மறைவின்றிச் சொல்லியிருக்கிறார். புனிதர்களின் வரலாறுகளில் இவ்வளவு வெளிப்படையான வாக்குமூலத்தைக் காண்பது அபூர்வம்.

உறவினர் கொதித்தெழுந்தார்கள். நீதிபதியின் வீட்டு மேசையில், பெரிய இடத்துப் பிள்ளைகளின் பக்கத்தில், முரட்டுப் பழக்கமுள்ள பள்ளிக்கூட வாத்திமார் இருப்பதா? குடும்பத்தார் கூடிப் பேசி, அவர் பராமரிப்பில் இருந்த தம்பிமாரில் சிலரை வேறிடங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். தகப்பனாக நின்றவருக்கு அது சிறிய அடியல்ல. அடுத்த ஆண்டு அவர் பிதிரார்ச்சித வீட்டையே விட்டு, ஆசிரியர்களோடு நகரின் எளிய பகுதியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்.

அவ்வளவு செய்தும் வந்த ஆசிரியர்கள் நிலைக்கவில்லை. நேரத்துக்கு எழுந்து, செபித்து, அளவோடு உண்டு வாழும் ஒழுங்கு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. முதலில் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். புதியவர்கள் வந்தார்கள். தகுதியானவர்கள், ஆனால் மனத்தில் ஒரு பயம். நோய் வந்தால், வயது போனால், பள்ளி மூடப்பட்டால் தங்கள் கதி என்ன? டி லா சால் அவர்களுக்கு ஆண்டவரின் பராமரிப்பைப் பற்றிப் பிரசங்கித்தார். வயல்வெளி மலர்களையும் வானத்துப் பறவைகளையும் எடுத்துக் காட்டினார். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிச் சொன்னது அவருடைய வாயை அடைத்தது. கனோன் பதவியும் பரம்பரைச் சொத்தும் உள்ள ஒருவருக்குப் பறவைகளைப் பற்றிப் பேசுவது இலகு. பள்ளி விழுந்தாலும் அவர் விழமாட்டார். தாங்களோ பிச்சைக்குத்தான் போகவேண்டும். இதுவே அவர்கள் சொன்னதன் சாரம்.

வாசகர்களே, அந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? நன்றி கெட்டவர்கள் என்று கோபித்திருப்போம். டி லா சால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருப்பதைக் கண்டார். தம் சொத்தைப் பள்ளிகளுக்கு மூலதனமாக வைத்துவிடலாமா என்று யோசித்து, பாரிஸில் பறே என்ற துறவியாரிடம் ஆலோசனை கேட்டார். பள்ளிகளைப் பணத்தின்மேல் அல்ல, ஆண்டவரின் பராமரிப்பின்மேலேயே கட்டவேண்டும் என்பது அவர் தந்த அறிவுரை. கணக்குத் தெரிந்த எவருக்கும் இது விசித்திரமாகவே தோன்றும்; எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் டி லா சால் அதன்படியே நடந்தார். 1683 இல் கனோன் பதவியைத் துறந்தார். அது தம்பிக்குப் போகும் என்று குடும்பம் எதிர்பார்த்திருக்க, ஓர் ஏழைக் குருவானவருக்கு விட்டுக்கொடுத்தார். தொடர்ந்து வந்த பஞ்ச காலத்தில் தம் செல்வத்தை அப்பமாக மாற்றிப் பசித்தவர்களுக்குப் பகிர்ந்தார். பஞ்சம் முடிந்தபோது அவர் கையிலும் ஒன்றுமில்லை. இப்போது ஆசிரியர்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை. அந்தக் கேள்வியை அதன்பின் ஒருவரும் கேட்கவில்லை.

அவர்கள் தங்களைச் சகோதரர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். ஆசிரியர் என்ற சொல்லுக்கு அன்று ஒட்டியிருந்த இழிவை இந்தப் பெயர் துடைத்தது. மலிவான கறுப்பு அங்கியும் தடித்த சப்பாத்தும் அணிந்து அவர்கள் தெருவில் போனபோது, றெய்ம்ஸ் மக்கள் எள்ளி நகையாடினார்கள். சேறும் அவர்கள்மேல் விழுந்தது. தங்களில் ஒருவராய் இருந்த கனோன் மீதுங்கூட.

சகோதரர்கள் இருவர் இருவராகவே பள்ளிக்குப் போவது விதி. ஒருவருக்கு மேல் வைத்துக் காக்கச் சக்தியற்ற கிராமங்கள் என்ன செய்வது? அந்தக் கிராமங்களின் இளைஞரையே வரவழைத்துப் பயிற்றி அனுப்பும் ஓர் இல்லத்தை 1680 களில் றெய்ம்ஸில் தொடங்கினார். ஆசிரிய பயிற்சிக் கலாசாலை என்று இன்று நாம் சொல்வதன் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று. எல்லாவற்றையும் அவரே முதலில் கண்டுபிடித்தார் என்று சொல்ல நான் வரவில்லை. லொறேன் நாட்டில் புனித பீற்றர் ஃபூரியேயும், லியோனில் சாள்ஸ் டெமியா என்ற குருவானவரும் அவருக்கு முன்பே ஏழைகளின் கல்விக்கு வழி தேடியவர்கள். ஆனால் ஆசிரியரை உருவாக்கினால் பள்ளி தானாக உருவாகும் என்பதை இவரளவுக்கு விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டவர் வேறு எவரையும் நான் அறியேன்.

1688 இல் பாரிஸுக்குப் போனார். மூன்று ஆண்டுகளில் எல்லாம் சரியும் நிலை. சிலர் விட்டுப் போனார்கள், சிலர் நோயுற்றார்கள், தமக்குப்பின் பொறுப்பேற்பார் என்று நம்பியிருந்த சகோதரர் இறந்துபோனார். 1691 நவம்பர் 21 இல், இரண்டு சகோதரரோடு முழந்தாளிட்டு, பிச்சை எடுத்து வெறும் அப்பம் மட்டும் உண்டு வாழ நேர்ந்தாலும் இந்த வேலையைக் கைவிடுவதில்லை என்று நேர்த்தி செய்தார். அந்த இருவரில் ஒருவர் பின்னர் விலகிவிட்டார். மற்றவரான கபிரியேல் ட்றொலான் உரோமைக்கு அனுப்பப்பட்டு, அங்கே தனியாளாய் இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தார்.

வகுப்பறைக்குள் அவர்கள் செய்த மாற்றங்களைச் சற்று நின்று பார்ப்போம். இவரது உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளை அறிவின் தரத்துக்கேற்பப் பிரித்து அமர்த்தினார்கள். ஒருவன் வாசிக்க எல்லோரும் பின்தொடரும் முறை வந்தது. ஆசிரியர் ஓயாமல் சத்தமிடுவதை நிறுத்தி, மரத்தால் செய்த ஒரு சிறு கருவியைத் தட்டிச் சைகையால் வகுப்பை நடத்தினார். பிள்ளைகள் காலை உணவைப் பள்ளிக்குக் கொண்டுவருவார்கள். ஒன்றுமில்லாமல் வருகிற பிள்ளைக்காக ஒரு கூடை வைக்கப்படும், மீதமுள்ள அப்பம் அதில் விழும். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் காரணம் அறிந்துவர ஒரு மாணவனே நியமிக்கப்பட்டான். இவையெல்லாம் சகோதரர்கள் ஒன்றுகூடித் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதிச் சேர்த்தவை. அந்தக் கைநூல் அவர் இறந்த அடுத்த ஆண்டு, 1720 இல், அவிஞ்ஞோன் நகரில் அச்சாயிற்று. அதில் தண்டனைக்கும் இடம் உண்டு, தோற்பட்டையால் கையில் அடிப்பதும் அதில் அடக்கம். இன்றைய பெற்றோருக்கு அது மனத்தை உறுத்தும். ஆனால் எப்போதெல்லாம் அடிக்கக் கூடாது என்பதற்கே அந்நூல் கூடிய இடம் கொடுக்கிறது. பிள்ளை பள்ளிக்கு வராமல் நிற்கிறதென்றால், ஆசிரியரின் கடுமையும் காரணமாயிருக்கலாம் என்று ஆசிரியருக்கே சொல்கிற துணிவும் அதில் உண்டு.

மொழி விடயத்தில் தம் நண்பரான சாத்திரஸ் ஆயரோடுகூட அவர் இணங்கவில்லை. முதலில் இலத்தீன் வாசிக்கப் பழக்க வேண்டும் என்று ஆயர் விரும்பினார். டி லா சால் கொடுத்த பதில் மறைப்பள்ளி மேதையின் பதிலல்ல, ஏழை வீட்டைத் தெரிந்தவரின் பதில். இந்தப் பிள்ளைகள் சில காலமே பள்ளியில் இருப்பார்கள். கை வேலைக்கு உதவும் வயது வந்தவுடன் பெற்றோர் எடுத்துவிடுவார்கள். இலத்தீனில் தொடங்கினால், அதையும் முடிக்காமல், பிரெஞ்சும் வாசிக்கத் தெரியாமல் போவார்கள். பிரெஞ்சில் தொடங்கினால் குறைந்த காலத்தில் வாசிக்கப் பழகி, வாழ்நாள் முழுவதும் தாங்களே வாசித்துக்கொள்வார்கள். ஆயர் ஏற்றுக்கொண்டார். ஆங்கிலப் பாடசாலை வேறு, தமிழ்ப் பாடசாலை வேறு என்று இருந்த காலத்தில் நம் பாட்டன்மார் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாதத்தின் பெறுமதி விளங்கும்.

அரசனும் கல்வியைப் பற்றிப் பேசாமல் இருக்கவில்லை. 1698 இல் பதினான்காம் லூயி ஒரு கட்டளை பிறப்பித்தான்: ஆசிரியர் இல்லாத பங்குகளில் ஆசிரியர் நியமிக்கப்படவேண்டும், பதினான்கு வயதுவரை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும். காகிதத்தில் நல்ல கட்டளை. புரட்டஸ்தாந்தக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கட்டாயமாகக் கத்தோலிக்கராக வளர்ப்பதே அதன் முதல் நோக்கம் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. கட்டளைக்கு ஏற்ற ஆசிரியர்களோ நாட்டில் இல்லை. ஆகவே பெரும்பாலான இடங்களில் அது காகிதத்திலேயே நின்றது.

பாரிஸில் எதிர்ப்பு இன்னொரு திசையிலிருந்து வந்தது. கூலிக்கு எழுத்துப் பழக்குவோர் அங்கே ஒரு சங்கமாக இருந்தார்கள். இலவசப் பள்ளி, ஏழைகள் பட்டியலில் பெயர் உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே என்பது அவர்கள் வாதம். சகோதரர்களோ வாசலில் நின்று தகப்பனின் பணப்பையைச் சோதிக்கவில்லை. வந்த பிள்ளைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். நன்றாகப் படிப்பிக்கிறார்கள் என்று கண்டு, கொடுக்க வசதியுள்ளவர்களும் பிள்ளைகளை அனுப்பினார்கள். எழுத்துக்காரரின் வருமானம் விழுந்தது. அவர்களுக்கும் குடும்பம் இருந்தது, வயிறு இருந்தது, வழக்குப் போட்டார்கள். 1704 இல் பள்ளிப் பொருட்கள் பறிமுதலாயின. தீர்ப்பு டி லா சாலுக்கு எதிராக வந்தது. பாரிஸ் பள்ளிகள் சில காலம் மூடிக் கிடந்தன. அவர் 1705 இல் றூவானுக்கு அருகே சென் யோன் என்ற இடத்துக்குத் தலைமையகத்தை மாற்றி, வணிகரின் பிள்ளைகளுக்கு இலத்தீன் இல்லாமல் தொழிலுக்கு வேண்டியதைப் படிப்பிக்கும் விடுதிப் பாடசாலை ஒன்றையும் அங்கே தொடங்கினார்.

இவற்றிலும் கொடிய அடி 1712 இல் விழுந்தது. கிளெமான் என்ற இளம் துறவி கிராம ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லம் அமைக்க ஆர்வத்தோடு முன்வந்தான். அவன் சொல்லை நம்பி டி லா சால் வீடு வாங்கப் பணம் கொடுத்தார். அவனோ சட்டப்படி பராயமடையாதவன். அவனுடைய தந்தை செல்வாக்குள்ளவர். அறியாப் பிள்ளையை ஏமாற்றிப் பணம் பறிக்க முயன்றவர் என்று குருவானவர்மீது வழக்கு வந்தது. நீதிமன்றமும் அப்படியே தீர்த்தது. தம் செல்வம் முழுவதையும் கொடுத்தவருக்குப் பணம் பறித்தவர் என்ற பெயர்! அவர் எதிர்வாதம் செய்யாமல் தென்பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கும் சில தோல்விகள். தாம் விலகி நின்றால்தான் சபை பிழைக்கும் என்ற எண்ணம் அவரை வாட்டியது.

கிரனோபிள் நகரில், அங்கிருந்த சகோதரர் ஒரு வேலையாக வெளியூர் போக நேர்ந்தபோது, அறுபது வயது கடந்த டி லா சால் அவருடைய வகுப்பை ஏற்றுச் சின்னஞ்சிறுவருக்கு எழுத்துப் படிப்பித்தார். முன்னாள் கனோன், இறையியல் கலாநிதி, ஒரு சபையின் தலைவர். காலையில் பிள்ளைகளை வரிசையாகப் பூசைக்கு அழைத்துப் போவார். அருகே பார்மெனி மலையில் ஏகாந்தத்தில் தங்கியிருந்தபோது, 1714 ஏப்ரலில் பாரிஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சகோதரர்கள் கெஞ்சவில்லை. சபைக்கு அவர் கொடுத்திருந்த கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டை நினைவூட்டி, உடனே திரும்பி வந்து பொறுப்பை ஏற்கும்படி கட்டளையிட்டார்கள். ஒருகாலத்தில் வேலைக்காரனிலும் தாழ்வாக அவர் எண்ணிய ஆசிரியர்கள் இப்போது அவருக்குக் கட்டளையிடுகிறார்கள். அவர் கீழ்ப்படிந்தார். அந்த ஓகஸ்ட் மாதம் பாரிஸில் அவர்கள் வாசலில் வந்து நின்று, தம்மிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.

1717 இல் சகோதரர்கள் தங்களுக்குள்ளிருந்தே ஒருவரைத் தலைவராகத் தெரிந்தார்கள். டி லா சால் அவருக்கும் கீழ்ப்படிந்து சென் யோனில் வாழ்ந்தார். இறுதி நாட்களில்கூட அவருக்கு நிம்மதி கொடுக்கப்படவில்லை. விடுதி மாணவர்கள் பங்குக் கோவிலுக்கு வருவது பற்றிப் பங்குக் குருவானவருடன் எழுந்த ஒரு பிணக்கில், அவர் பொய் சொன்னார் என்று குற்றஞ்சாட்டி, அவரது குருத்துவ அதிகாரங்களை மேற்றிராசனம் திரும்பப் பெற்றது. மரணப் படுக்கையில் அதை ஏற்றுக்கொண்டார். 1719 ஏப்ரல் 7, பெரிய வெள்ளிக்கிழமை அதிகாலையில் உயிர் பிரிந்தது. அப்போது ஏறக்குறைய நூறு சகோதரர்கள் இருந்தார்கள். 1725 இல் பாப்பரசர் பதின்மூன்றாம் பெனடிக்ற் சபையை அங்கீகரித்தார். உரோமையில் அத்தனை காலம் காத்திருந்த ட்றொலான் அதைக் கண்ணால் கண்டார்.

ஏழைக்குப் படிப்பெதற்கு என்ற எண்ணம் அத்தோடு சாகவில்லை. 1763 இல் லா சலோத்தே என்ற புகழ்பெற்ற சட்ட அறிஞர் தேசியக் கல்வி பற்றி ஒரு நூல் எழுதினார். அதில், சீவுளியும் அரமும் பிடிக்கவேண்டிய பிள்ளைகளுக்கு எழுத வாசிக்கப் பழக்கி நாட்டைக் கெடுக்கிறார்கள் என்று சகோதரர்களைத் தாக்கினார். அறிவொளியின் பிதாவாகப் போற்றப்படும் வோல்தேயர், உழைப்பாளிகளுக்குக் கல்வி வேண்டாம் என்றதற்காக அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். கல்வியைப் பரப்பியவர்கள் யார், தடுத்தவர்கள் யார் என்று நாம் படித்த சரித்திரப் புத்தகங்கள் எப்போதும் சரியாகச் சொல்வதில்லை. 1792 இல் பிரெஞ்சுப் புரட்சி சபையைக் கலைத்தது. சில ஆண்டுகளின்பின் நெப்போலியன் காலத்தில் சகோதரர்கள் மீண்டும் திரும்பினார்கள். அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவர்கள் கொழும்புக்கும் வந்து சேர்ந்தார்கள்.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1900 மே 24 இல் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1950 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். இவ்விரண்டுக்கும் இடையில், 1904 இல், துறவற சபையினர் படிப்பிப்பதையே பிரெஞ்சு அரசு சட்டத்தால் தடை செய்தது. ஆயிரக்கணக்கான சகோதரர்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். 1906 இல் தங்கள் தந்தையின் எலும்புகளையும் எடுத்துக்கொண்டு பெல்ஜியத்துக்குப் போனார்கள். 1937 இல் அவை உரோமைக்குக் கொண்டுவரப்பட்டு, சகோதரர்களின் தலைமை இல்லத்தில் வைக்கப்பட்டன.